நூற்றுப் பதிமூன்றாவது கவர்

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

பால் ஒன்றரை லிட்டர். புது கேஸ் சிலிண்டர் மாட்டியாயிற்று. போன தடவை மாட்டியது மார்ச் 9.

ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, சபைச் செயலர் ஏசுவடியான் அண்ணாச்சி மே 24, சபை முழுக்க ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிற அசனப் பண்டிகையன்று, மிலேனியம் பெட்டியைத் திறக்கப்போவதாகச் சொன்னார்கள். 2000 ஜனவரி முதல் தேதி கொடிக்கம்பத்தின் கீழே புதைத்த பெட்டி. இருபத்தைந்து வருஷம் கழித்துத் திறக்க வேண்டும் என்று அன்றைக்கே கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறது. அந்தக் கல் பக்கம் போகாமல் நான் இத்தனை வருஷமும் பின்வாசல் வழியாகத்தான் ஆலயத்துக்குள் போகிறேன். பின்வாசலில் நிழல் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன்.

பெட்டிக்குள் வீட்டுக்கு ஒரு கவர் இருக்கிறது. அவரவர் செய்த பொருத்தனையை அட்டையில் எழுதி ஒட்டிப் போட்டது. போதகர் ஒவ்வொன்றாக எடுத்து எல்லார் முன்னாலும் வாசிப்பாராம். நேர்ந்ததைச் செலுத்தினவர்கள் எழுந்து நின்று "செலுத்தினோம்" என்று சொல்ல வேண்டுமாம். செலுத்தாதவர்கள் என்ன செய்ய என்று யாரோ கேட்டதற்கு அண்ணாச்சி, "அவிய உக்காந்தே இருக்கலாம், வசதியா" என்றார்கள். சபை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு வாசலில் என்னைக் கூப்பிட்டு, பெட்டியில் உள்ளதற்கும் அதன்பின் புதைக்கப்போகிற புதுப் பெட்டிக்கும் நான்தான் பதிவேடு எழுத வேண்டும் என்றார்கள். பெண்கள் சங்கத்துக் கணக்கில் பதினொரு வருஷமாக ஒரு அடித்தல் திருத்தல் இல்லையாம். சரி என்றேன். வீட்டுக்கு வந்து குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

உளுந்தை ஊறப்போட்டுவிட்டு அரைக்க மறந்து, அது நுரைத்துப் போயிற்று. இப்படி நான் மறந்ததில்லை.

எழுதிவிடுகிறேன். நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடமாட முடியவில்லை.

1999 டிசம்பரில் என் மகன் கிங்ஸ்லிக்கு நாலு வயது. மூளைக்காய்ச்சல். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கண்ணே திறக்கவில்லை. பத்தாம் நாள் திறந்தான், ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. அவனை அவன் அப்பாவிடம், அத்தானிடம், விட்டுவிட்டு நான் ஊருக்கு வந்து ஆலயத்தில் முழங்காலில் கிடந்தேன். அன்றைக்குத்தான் அட்டை கொடுத்தார்கள். அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பெருவிரல்தான். ஞாயிறு பள்ளி நடத்திய புளோரா டீச்சர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, எங்களைப் போன்றவர்களுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து அவர்கள் காதோடு சொன்னேன். பிள்ளை பிழைத்தால் அவனை ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன். போதகராகட்டும், வடக்கே மிஷனுக்குப் போகட்டும். எனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டேன்.

டீச்சர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு எழுதினார்கள்.

ஆறு நாள் கழித்து கிங்ஸ்லி "எம்மா, தண்ணி" என்றான்.

இப்போது அவனுக்கு முப்பது. சரக்குக் கப்பலில் ஃபிட்டர். வருஷத்தில் ஒன்பது மாதம் கடல். நான் நேர்ந்தது அவனுக்கும் தெரியாது, அத்தானுக்கும் தெரியாது. அன்றைக்குக் கேட்டதற்கு, சுகத்துக்காக ஜெபித்தேன் என்று மட்டும் சொன்னேன்.

நான் எழுத்துப் படித்ததே அந்த அட்டையால்தான். எல்லாரும் நான் வேதம் வாசிக்க ஆசைப்பட்டுப் படித்தேன் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, வாயில் வருகிற சத்தத்துக்கு எந்த எழுத்து என்று விரலை வைத்து வைத்து இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். என்றைக்காவது அந்தப் பெட்டி திறந்தால், அதை நான் முதலில் வாசிக்க வேண்டும், வேறு யாரும் எனக்கு வாசித்துச் சொல்லக் கூடாது என்று.

மே 2, வெள்ளி

கிங்ஸ்லி போன் பண்ணினான். லீவு கிடைத்துவிட்டது, 17ஆம் தேதி வருகிறான். அசனத்துக்கு இருப்பான். அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை, எங்கள் வாடகைப் பாத்திரக் கடைக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று.

என்னிடம் அவன் சொன்னது: "பெட்டி தொறக்கும்போது நான் இருக்கணும்மா. எனக்காவ என்ன நேந்தியன்னு அப்பாவுக்குக்கூடத் தெரியலியாமே. அன்னைக்கு சஸ்பென்ஸ் ஒடைஞ்சிரும்."

போனை வைத்ததும் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

அவன் கப்பலேறுகிற ஒவ்வொரு தடவையும் இது கடைசித் தடவையோ என்று நினைப்பேன். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொடுக்காததை, கேட்கிறவர் தாமே எடுத்துக்கொண்டால் நான் என்ன சொல்ல முடியும். அவன் வண்டியிலிருந்து விழுந்து தோள் விலகினபோது இதோ என்று நினைத்தேன். கப்பலில் அவனுக்கு விரல் நசுங்கினபோதும் அப்படித்தான். இன்னும் முழுதாக எடுக்கவில்லை. விரலளவுக்கு எடுத்திருக்கிறார்.

மே 6, செவ்வாய்

புளோரா டீச்சரைப் பார்க்கப் போனேன். வயது எண்பத்தொன்று. தங்கை மகள் வீட்டில் பின்கட்டு அறையில் இருக்கிறார்கள். பாதி பப்பாளி, ஒரு பாக்கெட் பிஸ்கட் கொண்டுபோனேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்ததும் அதைத் தலையணைக்கடியில் வைக்கச் சொன்னார்கள், "அவ பாத்தா சுகர்னு புடுங்கிருவா" என்று.

காது மந்தம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நானோ கத்திப் பேசுகிற விஷயமாகப் போகவில்லை. என் அட்டையில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"எழுதுனவட்ட கேக்கியே. சொன்னவ நீதானட்டி. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

அந்த வரிசையில் எத்தனை பேருக்கு எழுதினார்களோ, உண்மைதான். ஆனால் நான் எழுந்து கிளம்பும்போது கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

"அன்னைக்கு எத்தன தாய்மாரு ஒரே மாதிரி சொன்னாளுவ தெரியுமா? ஒருத்தி கண்ணு குடுக்கேன்னா. ஒருத்தி ஒத்த மகள நேர்ந்துவிடுதேன்னா. உசுரு பதறுதப்போ பொம்பள என்னத்தையும் சொல்லுவா. அதயெல்லாம் அப்படியே எழுதி வச்சா, காலத்துக்கும் எவளாவது தூங்குவாளா?"

அப்புறம் பப்பாளி பழுத்துவிட்டதா என்று கேட்டார்கள். டீச்சருக்கு இப்போதெல்லாம் பேச்சு ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது.

மே 10, சனி

கிங்ஸ்லி அறையைக் கழுவினேன். பீரோவில் எல்லாத் தட்டுக்கும் விரித்திருந்த பழைய பேப்பரை மாற்றினேன். என் பீரோவின் அடித்தட்டில் மட்டும் மாற்றவில்லை.

மே 14, புதன்

பெட்டியை முன்கூட்டியே எடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் இறங்கி எல்லாம் கூழாகியிருந்தால் சபைக்கு முன்னால் அசிங்கமாகிவிடும் என்று. போதகர், அண்ணாச்சி, பதிவேட்டோடு நான். தண்ணீர் இறங்கவில்லை. தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும் என்று நேற்று ராத்திரி ஜெபித்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பெரிய எவர்சில்வர் டிரம், மூடியை ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். திறந்ததும் பழைய துணி வாடை. ஒவ்வொன்றாக எழுதினேன். அன்றைய செய்தித்தாள் இரண்டு. சபையார் எல்லாரும் நிற்கிற படம் ஒன்று. அதில் நான் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன். பாடகர் குழு கேசட் ஒன்று. ஓலைப்பெட்டியில் விதை நெல். டார்ச் பேட்டரி இரண்டு, ஒழுகிப் பக்கத்திலிருந்த ஊர் டெலிபோன் புத்தகத்தைத் தின்றிருந்தது. ஒரு கருப்பட்டி, கல்லாக.

அடியில் கவர்கள். எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன். நூற்றுப் பதிமூன்று.

எங்களுடையது எழுபதுக்குப் பக்கத்தில் வந்தது. டீச்சரின் சாய்ந்த எழுத்து. "ஞானதுரை, தங்கபுஷ்பம். குடும்ப எண் 41." என் பெயரை எழுத்தில் நான் முதல்முதல் பார்த்திருக்க வேண்டியது அதுதான். அன்றைக்கு அது எனக்குக் கோடும் சுழியுமாகத்தான் தெரிந்திருக்கும்.

போதகருக்கு போன் வந்தது, வெளியே போனார். அண்ணாச்சி கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதைப் போட்டுக் கேட்க யார் வீட்டில் டேப் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். கவரை எடுத்துப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்: கவர்கள், நூற்றுப் பன்னிரண்டு.

"நூத்திப்பன்னெண்டா? நான் கொஞ்சம் கூட இருக்கும்னு நெனச்சேன்," என்றார்கள் அண்ணாச்சி. பிறகு, "நீங்க எண்ணுனா சரியாத்தான் இருக்கும்."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் எழுதினேன். முதல் தடவை என்பதும் சரியல்ல. எழுதினது முதல் தடவை.

மே 15, வியாழன்

கவர் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. பிரிக்கவில்லை.

மே 17, சனி

கிங்ஸ்லி வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான், முகம் கறுத்திருக்கிறது. இட்லி ஒன்பது சாப்பிட்டான். அத்தானுக்கு ஒரு வாட்ச், எனக்கு ஒரு கைப்பை, அதில் பன்னிரண்டு அறை. "கணக்குப் புள்ளைக்கு ஏத்த பை" என்றான். கப்பலில் ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் கூடி ஜெபம் பண்ணுகிறார்களாம், இவன்தான் நடத்துகிறானாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

சோறு வடிக்க அரிசி எடுக்கப் போனபோது, "தள்ளுங்க, நான் எடுக்கேன்" என்று டிரம்முக்குக் கை நீட்டினான். "தொடாத" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் பயந்துவிட்டான். கை கழுவாமல் அரிசியைத் தொடக் கூடாது என்று சொல்லிச் சமாளித்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து நின்றான். அதற்குள் நான் அரிசியை எடுத்து, கவரை மாவு டப்பாவுக்கு மாற்றியிருந்தேன்.

மே 20, செவ்வாய்

அவனும் அத்தானும் அசனத்துக்குப் பாத்திரம் இறக்கப் போயிருந்தார்கள். மாவைத் தட்டிவிட்டுக் கவரைப் பிரித்தேன். அட்டையில் இருந்தது இவ்வளவுதான்:

"என் மகன் கிங்ஸ்லி சுகமானால், ஞாயிறு தவறாமல் அவனை ஆலயத்துக்குக் கூட்டி வருவேன்."

கீழே என் பெருவிரல் ரேகை.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றுமில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தை அதில் இல்லை. டீச்சர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வேறொன்றை எழுதி, அதன்மேல் என் விரலைப் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள்.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன் என்று நினைக்கிறேன். இதை வாசித்திருந்தால் நான் எழுந்து நின்று செலுத்தினோம் என்று தைரியமாகச் சொல்லியிருக்கலாம். அவன் ஊரில் இருந்தவரை காய்ச்சல், மழை, தேர்தல், எதற்கும் ஒரு ஞாயிறு விட்டதில்லை. திருடியிருக்க வேண்டாம். யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

சாயங்காலம் வரைக்கும் அப்படி இருந்தது. அப்புறம்தான் வேறு பயம் வந்தது. எழுதினது டீச்சர். சொன்னது நான். மேலே கேட்டது எதை?

மே 21, புதன்

சபையார் எல்லாரும் புதுப் பெட்டிக்கு என்ன கொடுப்பது என்பதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பொருள், ஒரு கவருக்குள் அடங்க வேண்டும். 2050இல் திறப்பார்கள். முகக்கவசம் போடுகிறேன் என்று ஆறு வீட்டார் சொல்லிவிட்டார்கள், போதும் என்று அண்ணாச்சி நிறுத்திவிட்டார்கள். அத்தான் தங்கள் கடையின் பெரிய அண்டாவைப் படம் எடுத்துப் போடலாமா என்கிறார்கள். "அண்டாவயா? அதுக்கு நம்ம மூஞ்சியப் போடலாம்" என்றான் கிங்ஸ்லி.

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. அதை எழுத வேண்டுமானால் முதலில் மற்றதை எழுத வேண்டும்.

2013இல் கிங்ஸ்லி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். மே மாதம் வாலிபர் முகாமுக்குப் போய்விட்டு வந்து, இறையியல் கல்லூரிக்கு மனுப் போட்டிருக்கிறேன் என்றான். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்கிறவர் கேட்டுக்கொண்டே வாசல்வரைக்கும் வந்துவிட்டார் என்று பயந்தேன். எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. போனால் எந்த ஊரோ, எந்தக் காடோ.

ஜூன் 5ஆம் தேதி தபால்காரர் கடிதத்தை என் கையில் கொடுத்தார். நான் பிரித்து வாசித்தேன். ஜூன் 14ஆம் தேதி காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வுக்கு வர வேண்டும். வேதமும் பாட்டும் தவிர நான் முழுசாக வாசித்தது முதல்முதல் அதைத்தான். படிக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் அவனிடமே நீட்டியிருப்பேன்.

பீரோ அடித்தட்டில் பேப்பருக்குக் கீழே வைத்தேன். அவன் கேட்டபோதெல்லாம் ஒன்றும் வரவில்லை என்றேன். ஜூலை கடைசிவரை கேட்டான். பிறகு பாலிடெக்னிக் சேர்ந்தான். என்னிடமே இருக்கட்டும் என்று ஒளித்தேன். அவன் கடலுக்குப் போய்விட்டான்.

யோசனை இதுதான். அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டுக் கவரில் வைத்து ஒட்டிவிடுவது. பதிவேடு எழுதுகிறவள் நான், 'குடும்பக் கடிதம்' என்று எழுதிவிடுவேன். 2050இல் எனக்கு எழுபத்தெட்டு. இருக்க மாட்டேன், இருந்தாலும் காது கேட்காது. அவன் வாசிக்கட்டும். என் முகத்துக்கு நேரே வாசிக்க வேண்டாம்.

கவரை எடுத்து, எங்கள் பெயரை எழுதி ஒட்டியாயிற்று. அதன் பிறகு இரண்டு தடவை கேஸைப் போய்ப் பார்த்தேன்.

மே 23, வெள்ளி

அசனத்துக்குக் காய் வெட்டினோம். நாற்பது பெண்கள், ஆலய மைதானத்துப் பந்தலில். கத்தரிக்காய் மட்டும் ஏழு மூட்டை. எனக்கு வாழைக்காய்.

ஆண்கள் பக்கத்தில் கிங்ஸ்லி விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். போதகர் அவனிடம் வந்து, கப்பலில் ஜெபம் நடத்துகிறாயாமே, ஊழியத்துக்கு வரலாமே தம்பி என்று விளையாட்டாகக் கேட்டது எனக்குக் கேட்டது. அவன் சிரித்தான்.

"ஒருக்க ஆசப்பட்டேன் ஐயா. அவிய கூப்பிடல. சரி, நமக்குத் தகுதி இல்லபோலன்னு விட்டுட்டேன்."

இடது கை ஆள்காட்டி விரலில் வெட்டிக்கொண்டேன். ஆழமில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

தகுதி இல்லபோல. பன்னிரண்டு வருஷமாக அவன் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் பயந்ததெல்லாம் அவனை யார் எடுத்துக்கொள்வார்கள் என்றுதான். அவனிடமிருந்து நான் என்ன எடுத்தேன் என்று ஒரு நாளும் பயந்ததில்லை.

மே 24, சனி. அசனம்

காலை எட்டரைக்கு ஆராதனை. கவர்களை வாசித்தார்கள். ஒருவர் சிகரெட்டை விடுவதாக எழுதியிருந்தார், எழுந்து நின்றார். மனைவி சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஏசுவடியான் அண்ணாச்சியின் அட்டையில் கோபத்தை விட்டுவிடுவேன் என்று இருந்தது. அண்ணாச்சி எழுந்திருக்கவே இல்லை. கட்டடம் அதிரச் சிரித்தார்கள். இறந்துபோனவர்கள் அட்டை வந்தபோது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், சிலர் அழுதார்கள்.

கிங்ஸ்லி நாற்பது, நாற்பத்திரண்டு என்று எங்கள் எண்ணுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தான். வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டும் முடிந்து ஆசீர்வாதம் சொல்லியாயிற்று. "எம்மா, நம்ம கவர் எங்க?" என்றான். விட்டுப்போயிருக்கும் என்றேன். அவன் முகம் சின்னப் பிள்ளை முகம்போல ஆயிற்று.

பந்தியில் அவன் சோறு பரிமாறினான். நான் பாதியில் இலையை மடித்துவிட்டேன்.

மூன்று மணிக்கு வீட்டில் மூன்று பேரும் இருந்தோம். நான் மாவு டப்பாவிலிருந்து அட்டையை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்து, நான்தான் எடுத்தேன் என்றேன். வாசித்தான். அத்தானுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினான்.

"இவ்ளோதானா? இதுக்கா ஒளிச்சு வச்சிய? காய்ச்சல்னாகூட தூக்கிட்டுப் போவியளே," என்று சிரித்தான். அத்தானும், "ஒங்கம்மைக்குக் கூச்சம்டே" என்று சிரித்தார்கள்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வீடு அவ்வளவு லேசாக இருந்தது. பாயில் வெயில் விழுந்திருந்தது, அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு நாள் போனால் பெட்டியை மூடிவிடுவார்கள்.

நான் போய் ஒட்டின கவரைக் கிழித்து, கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் காதில் சொன்னதிலிருந்து ஜூன் 5 வரைக்கும்.

அவன் கடிதத்தை மூன்று தடவையாவது வாசித்திருப்பான். அது ஒன்பது வரிதான்.

"தபால்காரர்ட்ட நான் சண்ட போட்டேன்மா," என்றான். "வீட்டுல குடுத்துட்டேன்னாரு. தொலச்சிட்டு வந்து பொய் சொல்லுதீருன்னு நடுரோட்டுல வச்சிச் சொன்னேன். அதுக்கப்புறம் அவரு மொகத்தையே நான் பாக்கல. அந்த மனுசன் செத்தும் போயிட்டாரு."

இது எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தேன், அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நேந்ததும் என்னக் கேக்கல. மறச்சதும் என்னக் கேக்கல. நடுவுல நான்னு ஒருத்தன் இருந்தேன்லா?"

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அத்தான் வெகுநேரம் புது வாட்சைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். "எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், தங்கம்," என்றார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆறரை மணி. இன்னும் வரவில்லை. கடிதத்தைக் கையோடு கொண்டுபோயிருக்கிறான்.

மே 25, ஞாயிறு

நேற்று ராத்திரி எட்டு மணிக்குக் கடைக்கு வந்தானாம், அங்கேயே படுத்துக்கொண்டானாம். அத்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காலையிலும் வீட்டுக்கு வரவில்லை.

ஆராதனைக்கு முன் அண்ணாச்சியைப் பார்த்து அட்டையைக் கொடுத்தேன். நான்தான் எடுத்தேன், பதிவேட்டில் நூற்றுப் பன்னிரண்டு என்றது பொய் என்றேன். அவர்கள் அட்டையை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், மறுபடி அட்டையைப் பார்த்தார்கள். ஒன்றும் விளங்கவில்லை. "சரி, நூத்திப்பதிமூணுன்னு திருத்திருங்க" என்று மட்டும் சொன்னார்கள். பதினொரு வருஷத்தில் முதல் அடித்தல்.

பதினோரு மணிக்குப் புதுப் பெட்டி. கொடிக்கம்பத்தின் கீழே மேசை போட்டு நான் உட்கார்ந்தேன். அந்தக் கல்லின்மேலேயே நாற்காலி. வீட்டார் வரிசையாகக் கவரோடு வருவார்கள், உள்ளே என்ன என்று நான் கேட்பேன், எண்ணைப் போட்டு எழுதுவேன், அண்ணாச்சி வாங்கிப் பெட்டிக்குள் வைப்பார்கள். மீன்தூண்டில் முள். ஒரு பிடி சிவந்த தேரி மண். கைப்பேசி. ஒரு பிள்ளையின் முதல் பல்.

முப்பத்தொன்பது. நாற்பது.

அத்தான் தனியாக வருவார்கள் என்று நினைத்தேன். வரிசையில் அத்தானுக்கு முன்னால் அவன் நின்றான். நேற்றுப் பரிமாறின சட்டை, கைப்பக்கம் குழம்புக் கறை. கவரை மேசைமேல் வைத்தான். நான் மற்ற எல்லாரையும் கேட்டேன், அவனைக் கேட்காமல் விட முடியாது. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். உள்ளே என்ன என்று கேட்டேன்.

"ஒரு லெட்டர்," என்றான்.

அண்ணாச்சி, "யாருக்கு வந்த லெட்டர்டே?"

"எனக்கு வந்தது."

"அத என்னத்துக்குப் பொதைக்க? வீட்டுல வச்சிக்கிட வேண்டியதுதான?"

"படிச்சு முடிச்சிட்டேன், அண்ணாச்சி."

அண்ணாச்சி எந்த வருஷத்துக் கடிதம் என்று கேட்டார்கள், பதிவேட்டுக்காக. எனக்குத் தெரியும். எழுதிவிட்டேன். 41, கடிதம், 2013. பேனாவைத் தாளிலிருந்து எடுக்கப்போனேன்.

"கைக்கு வந்தது நேத்து," என்றான். "அதயும் எழுதுங்கம்மா."

அம்மா என்றான். யாருக்கும் புரியவில்லை. பின்னால் ஒரு பிள்ளை வெயில் என்று அழுதது. எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. இருந்தாலும் எழுதினேன். கிடைத்த நாள் 24.5.2025.

அண்ணாச்சி கவரை வாங்கப் பார்த்தார்கள். அவன் கொடுக்கவில்லை. நான் தேதியை எழுதி முடிக்கும் மட்டும் மேசைப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.